பழைய செங்கல் சுவருக்குச் சாந்து தேடிய கதை

மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாத்தா காலத்துச் செங்கல் வீடு இன்னும் நிற்கிறது. முன்சுவரில் சாந்து உதிர்ந்த இடங்களை இந்த வருடம் சரிசெய்ய ஆரம்பித்தோம். வேலையைவிட, எந்தக் கலவை போடுவது என்று முடிவெடுக்கத்தான் அதிக நேரம் பிடித்தது.

முன்பு ஒரு கான்ட்ரக்டர் அடிவரிசைகளில் வெறும் சிமெண்டும் மணலும் அடைத்துவிட்டுப் போயிருந்தார். அந்தச் சிமெண்டு அப்படியே இருக்கிறது. பக்கத்துக் கற்கள்தான் முகம் பெயர்ந்து குழிந்து கிடக்கின்றன. சுவருக்குள் ஏறும் ஈரம் எப்படியும் வெளியேறியாக வேண்டும். சுண்ணாம்புச் சாந்து அதற்கு வழி விடும். கெட்டிச் சிமெண்டு விடாது. அப்போது ஈரம் கல் வழியாகக் காயும், கூடவே வரும் உப்பு கல்லின் மேல்தோலை உள்ளிருந்து தள்ளும். சாந்து உதிர்ந்தால் மறுபடி பூசலாம். அந்தக் காலத்துக் கல்லுக்கு எங்கே போவது?

சிமெண்டு படாத மேல்வரிசையிலிருந்து ஒரு துண்டு எடுத்தேன். விரலால் நசுக்கியதும் பொடிந்தது. உள்ளே நொய்யரிசி போல வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள். வாளித் தண்ணீரில் கொஞ்சம் தரை கழுவும் ஆசிட்டை ஊற்றி (தண்ணீரை ஆசிட்டில் ஊற்றவே கூடாது) துண்டைப் போட்டதும் நுரைத்தது. சுண்ணாம்பு கரைந்து மணல் மட்டும் அடியில் தங்கியது. அலசிக் காயவைத்தால் மஞ்சளும் பழுப்புமாகப் பெருமணல், நடுநடுவே பொடி. சாந்தின் நிறத்தில் பாதிக்குமேல் இந்த மணல் தருவதுதான். அந்த மணலைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். பூச்சு மணல் ரொம்பப் பொடி. கழுவிய ஆற்று மணல் ஒத்துப்போனது.

சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை, ஈப்போவைச் சுற்றி எல்லாம் சுண்ணாம்புக்கல் மலைதானே. மூட்டையில் வரும் நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் ஊறவைத்துக் களிம்பாக்கிக்கொண்டோம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும்.

"சிமெண்டு இல்லாம பிடிக்குமா தம்பி? 1:1:6 போட்டுடுவோமே" என்றார் கொத்தனார் அண்ணன். புதுச் சுவருக்கு அந்தச் சிமெண்டு, சுண்ணாம்பு, மணல் கணக்கு நல்லதுதான். இந்த மென்மையான கல்லுக்கு வேண்டாம் என்று நான் விடவில்லை. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்று முடிவானது. மாதிரிகளை நன்றாகக் காயவிட்டுத்தான் நிறம் பார்த்தோம். ஈரத்தில் எல்லாமே கருத்துத்தான் தெரியும்.

இடுக்கை அதன் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழத்துக்குச் சுரண்டி, தூசி தட்டி, கல்லை நனைத்து, சாந்தை அழுத்தி வைத்தோம். வெயிலுக்கு ஈரச்சாக்கு, சாயங்கால மழைக்குக் கேன்வாஸ். சுண்ணாம்பு காற்றை உள்வாங்கி மெல்லத்தான் இறுகும், அவசரப்படுத்த முடியாது.

அடிவரிசைச் சிமெண்டை எடுப்பது இன்னும் பாக்கி. கிரைண்டர் வைத்தால் கல்லின் ஓரம் போய்விடும் என்பதால் உளிதான். ஈரம் அதிகமுள்ள அந்த இடத்துக்கு மட்டும் சுர்க்கி, அதாவது செங்கல் தூள், சேர்த்த கலவையின் மாதிரியைக் காயவைத்திருக்கிறோம்.