மரச்சீனியும் மூச்சு விடும்

பள்ளி மலருக்கு எழுதச் சொன்னார்கள். விளையாட்டு விழா, சுற்றுலா எல்லாம் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள், நான் நம்ம உயிரியல் சாரைப் பற்றி எழுதுகிறேன். "விலங்கு சுவாசிக்கும், செடி ஒளிச்சேர்க்கை செய்யும்" என்று விடைத்தாளில் யாராவது எழுதியிருந்தால் போதும், மார்க்கை வெட்டிவிட்டு, "அப்போ செடி என்னடே, மூச்சப் பிடிச்சிட்டா நிக்கு?" என்பார்.

அவர் வாயால் சொன்னதை விட ஃபிளாஸ்கில் காட்டியதுதான் மண்டையில் ஏறியது. முளைவிட்ட சிறுபயறை ஒன்றிலும், அவித்து ஆறவைத்து மருந்துத் தண்ணீரில் கழுவிய பயறை இன்னொன்றிலும் போட்டு, தெர்மாமீட்டரைச் செருகி, வாயைப் பஞ்சால் அடைத்து வைத்தார். மறுநாள் முளைப்பயறு இருந்த ஃபிளாஸ்கில் சூடு ஏறியிருந்தது. உள்ளே வெளிச்சமும் கிடையாது, பச்சை இலையும் கிடையாது. பயறு தன்னுள் சேர்த்து வைத்திருந்த உணவை மைட்டோகாண்ட்ரியாவில், அதாவது செல்லுக்குள் இருக்கிற குட்டி அடுப்பில், எரித்துக்கொண்டிருந்தது, நம்ம செல்லில் நடக்கிற அதே வேலை, அதுதான் சுவாசம். இலைச் செல்லில் இருக்கிற பச்சைத் துணுக்கான பசுங்கணிகம் வெயிலை வைத்துச் சர்க்கரை செய்யும், சரி, ஆனால் அந்தச் சர்க்கரையை உடைத்து செல் முழுக்கச் செலவாகிற ஆற்றல் காசான ஏடிபி ஆக்க செடிக்கும் மைட்டோகாண்ட்ரியா வேண்டும், அதுவும் ராப்பகலாக. விலங்கு செல்லுக்குப் பசுங்கணிகம் இல்லை, அதனால் சர்க்கரையைத் தின்றுதான் வாங்க வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான். (ஒரு குளுக்கோசுக்கு 38 ஏடிபி என்று மனப்பாடம் செய்தோமே, இப்போது 30 முதல் 32 வரை என்கிறார்கள். அந்த இம்போசிஷனை யார் திருப்பித் தருவது?)

மரச்சீனியை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, எடுத்துக்கொள்ளுங்கள். விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் பரப்பிய பயிர், 1956-ல் நம்ம கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் நம்ம தட்டை விட்டுப் போகவில்லை. மண்ணுக்குள் இருட்டில் கிடக்கிற கிழங்குக்கு வெயில் ஏது? இலை அனுப்பும் சர்க்கரையில் கொஞ்சத்தை எரித்துப் பிழைத்து, மிச்சத்தை மாவாக்கி வைக்கிறது. ஒரே செடியில் இலை சமைக்கிறது, கிழங்கு நம்மைப் போல உட்கார்ந்து சாப்பிடுகிறது! தொட்டுக்கொள்ளும் சாளை (மத்தி) மீன்கறியும் கடலில் மிதக்கும் நுண்பாசி பிடித்த வெயிலில் இருந்து வந்ததுதான்.

பிடுங்கிய பிறகும் கிழங்கு உயிரோடுதான் இருக்கும், ஆனால் அறுத்த காயம் வழியாக ஆக்சிஜன் புகுந்து இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கோடு ஓடிவிடும். வெளிநாட்டுக் கடைகளில் அதன் மேல் மெழுகு பூசி விற்பது அதற்காகத்தான், தோலைச் சீவிவிட்டு அவித்தால் போதும்.