யுஎஃப்சி 319 (கலப்புத் தற்காப்புக் கலைச் சண்டை): அடுத்து யாரை யாரோட கோர்க்கலாம்?

2025 ஆகஸ்ட் 17, ஞாயிறு காலை 7.30ன்னா நம்ம பக்கம் விசைப்படகு கரை பிடிக்கிற நேரம். பார்க்க முடியாமப் போன பாம்பன், மண்டபம் தம்பிகளுக்காக இது.

நடுத்தர எடைப் பட்டத்துக்கு டு பிளெசிஸோட மோதின சிமாயெவ் மூணு நடுவர் கணக்குலயும் 50-44ன்னு ஜெயிச்சாரு. 25 நிமிஷத்துல 21 நிமிஷத்துக்கு மேல அவர் பிடிதான். முதல் சுற்றுல டு பிளெசிஸோட ரெண்டு கையையும் பூட்டிப் போட்டு முகத்துல குத்தினாரே, கால் கட்டின நண்டு கெட்டுது!

2025 செப்டம்பர் 6, பாரிஸ்ல அதே எடையில இமாவோவ், பொரால்யோ மோதினாங்க. ஜெயிச்சவருக்குத்தான் சிமாயெவோட பட்டப் போட்டின்னு பலர் சொல்வாங்க. என் ஓட்டு ஆண்டனி ஹெர்னாண்டஸுக்கு. அவருக்கு மூச்சு இறங்காது. அதோட, காலைப் பிடிக்கக் குனிஞ்சு வர்றவன் கழுத்தை அக்குள்ல இறுக்கி கில்லட்டின் போடத் தெரிஞ்ச ஆள். சிமாயெவ் பாயுறப்ப தலை வெளியே விலகலைன்னா மாட்டுவார். முதல் சுற்றைத் தாண்டணும், அதான் சிக்கல்.

145 பவுண்டு எடையில லெரோன் மர்ஃபிக்கு எவ்லோயெவ். ரெண்டு பேரும் அப்ப வரைக்கும் தோல்வியே பார்க்காதவங்க. மர்ஃபிகிட்ட சுழல் முழங்கை வாங்கி மயங்கின பிகோவை மட்டும் அவசரப்பட்டு இறக்கக் கூடாது.

பிராடெஸுக்கு லியோன் எட்வர்ட்ஸ். ரெண்டு பேருமே இடக்கை நிலை, அதாவது வலதுகால் முன்னால வச்சு நிக்கிறவங்க. இடதுகால் உதை வயித்துல விழாம முதுகுப் பக்கம் போயிடும். ஆனா அன்னிக்கு பிராடெஸோட மோதின ஜெஃப் நீலும் இடக்கைதான், அவரை முதல் சுற்று 4:59ல சாய்ச்சிட்டாரே!