வன்னியில் படம் எடுப்பவருக்குக் கானல்தான் முதல் எதிரி

பறவைப் படம் எடுக்கத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மி.மீ. லென்ஸ் வாங்கலாம்?" என்றுதான். வன்னியைப் பொறுத்தவரை என் பதில்: கையில் ஒரு 70-300 இருந்தால் இப்போதைக்கு அது போதும், விடிய ஆறு மணிக்குக் குளக்கட்டில் நில்லுங்கள். 600 மி.மீ. லென்ஸைத் தூக்கிக்கொண்டு பதினொரு மணிக்குப் போகிறவரின் படத்தைவிட உங்கள் படம் தெளிவாக வரும்.

காரணம் கானல். வெயில் ஏற ஏற நிலம் கொதிக்கிறது. அதை ஒட்டிய காற்று சூடாகி மேலெழும்பி, மேலே உள்ள குளிர்ந்த காற்றோடு கலக்கிறது. அந்தக் கலவையைக் கடந்து வரும் ஒளி ஒரே கோட்டில் வருவதில்லை. அதிர்வுத் தடுப்பும் இதற்கு உதவாது, 1/4000 செக்கனும் உதவாது. ஆடுவது கமெராவுமல்ல, பறவையுமல்ல. இறகுகளின் விளிம்பு அவித்தெடுத்ததுபோல் குழைந்து கிடக்கும். பலர் இதை ஃபோகஸ் பிழை என்று நினைத்து லென்ஸை விற்றுவிடுகிறார்கள். விற்பதற்கு முன் அதே லென்ஸால் பத்து மீற்றரில் நிற்கும் வேலிக் கதியாலை எடுத்துப் பாருங்கள். கதியாலின் பட்டை கூராக விழுந்து, நூறு மீற்றரில் நிற்கும் நாரை மட்டும் குழம்பியிருந்தால் லென்ஸில் குற்றமில்லை.

கோடையில் ஒன்பது மணிக்கே இது தொடங்கிவிடும். வெடித்துக் கிடக்கும் குளத்து மண்ணுக்கும் தார் றோட்டுக்கும் மேலாக எடுப்பது மிக மோசம், தண்ணீருக்கு மேலாகக் கொஞ்சம் பரவாயில்லை. வாகனத்துக்குள் இருந்து எடுப்பவர்கள் ஏசியை நிறுத்திக் கண்ணாடியை முழுதாக இறக்கி, உள்ளும் வெளியும் ஒரே சூடாகும்வரை பொறுக்கவேண்டும். ஓடிவந்த வாகனத்தின் பொனற்றுக்கு மேலாக எடுக்கவே வேண்டாம்.

ஆகவே தூரத்தைக் குறைப்பதுதான் வேலை. மோட்டார் சைக்கிள் நல்ல மறைவிடம். வயல்வெளிப் பறவைகள் அதை நாள் முழுக்கப் பார்க்கின்றன. இறங்கி நடக்கும் ஆளைக் கண்டால்தான் எழும்பும். எஞ்சினை நிறுத்திவிட்டு இருக்கையிலேயே இருங்கள். நடக்கத்தான் வேண்டுமென்றால் பறவையை நோக்கி நேராகப் போகாமல், கடந்து போகிறவர்போலச் சரிவாகப் போங்கள். ஆட்காட்டி கத்தத் தொடங்கினால் நில்லுங்கள். அது வெட்டைத் தரையில் கல்லோடு கல்லாக முட்டையிடும், காலடியில் கூடு இருக்கலாம்.

இரணைமடுவில் கட்டு குளத்தின் வடக்குப் பக்கம். கட்டில் நின்று தண்ணீரைப் பார்த்தால் தெற்கு நோக்கி நிற்கிறீர்கள்: காலை வெளிச்சம் இடப்பக்கம், பின்னேர வெளிச்சம் வலப்பக்கம். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் நடுப்பகலில் எதிர்வெளிச்சம்தான். வலசை வரும் வாத்துகளுக்கும் பூநாரைகளுக்கும் வங்காலை, சுண்டிக்குளம், கொக்கிளாய்ப் பக்கம் மாரி காலத்தில் போகவேண்டும். வங்காலை 2010 இல், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சுண்டிக்குளம் 2015 இல் தேசியப் பூங்காவானது. அங்கே பூநாரைகள் பெரும்பாலும் எட்டத்தில்தான் நிற்கும். தனிப் பறவைக்கு முயன்று நேரத்தைத் தொலைக்காமல் கூட்டத்தையும் நீரையும் வானத்தையும் சேர்த்து எடுங்கள்.

வெள்ளைக் கொக்குக்கு வருவோம், ஆகக் கூடுதலாகக் கெடும் படம் அதுதான். காலபோகத்துக்கு உழவு தொடங்கியதும் உழவு இயந்திரத்தின் பின்னால் கொக்குகள் சில மீற்றர் இடைவெளியில் நடக்கும், இதைவிடக் கிட்டிய வாய்ப்புக் கிடையாது. ஆனால் கமெராவின் அளவீடு எதையும் நடுத்தரச் சாம்பலாக்கவே பார்க்கும். படத்தின் பெரும்பகுதி கரிய சேற்று மண். அதைச் சாம்பலாக்கப் போய்க் கொக்கு வெறும் வெள்ளைக் கடதாசியாகிவிடும். வெளிச்சத் திருத்தத்தை -1 இல் வைத்துத் தொடங்கி, வெளிச்சம் மிஞ்சிவிட்டதென்று திரையில் வெள்ளை மினுங்கினால் இன்னும் மூன்றிலொரு படி இறக்குங்கள். கொக்கு சட்டத்தை நிறைத்து நின்றாலோ கதை மறுவளம், திருத்தம் கூட்டவேண்டியிருக்கும். இந்தக் குழப்பமே வேண்டாமென்றால் மனுவலுக்குப் போங்கள்: மேகமில்லாத எட்டரை மணி வெயிலில் ஐஎஸ்ஓ 400, எஃப் 8, 1/2500 செக்கன். கொக்கு மண்ணிலிருந்து வானத்துக்கு எழும்பினாலும் அதன்மேல் விழும் வெயில் மாறாது, ஆகவே அளவும் மாறவேண்டாம். நீர்க்காகத்துக்கு மினுங்கும் தண்ணீர் பின்னணியானால் +1.

பறக்கும் படத்துக்குப் பழக நல்ல பறவை பச்சைப் பஞ்சுருட்டான். பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் புறப்பட்ட அதே கம்பிக்கோ கொப்புக்கோ திரும்பும். தேனீயென்றால் உடனே விழுங்காது; கொடுக்கு நீங்கும்வரை கொப்பில் அடித்தும் தேய்த்தும் கொண்டிருக்கும். அந்தச் சில செக்கன்கள் உங்களுக்கானவை. அது இல்லாத நேரத்தில் கொப்பின்மேல் ஃபோகஸ் செய்து, அதைப் பூட்டிவிட்டு, வந்திறங்கும் பக்கத்தில் இடம் விட்டுச் சட்டம் வையுங்கள். சிறகுக்கு 1/3200 வேண்டும், இருந்து அடிக்கும்போது 1/1000 போதும். சிறிய சென்சர்க் கமெராவில் ஆறு மீற்றரில் 300 மி.மீ., எஃப் 5.6 என்றால் கூராக விழும் ஆழம் ஏறக்குறைய 9 செ.மீ. மட்டுமே. பறவை பக்கவாட்டாக வரும் இடத்தில் நின்றால் கண்ணும் உடலும் அதற்குள் அடங்கும். நேராக உங்களை நோக்கி வந்தால் அடங்காது.

இனிப் பாதுகாப்பு. நாற்பது படத்துக்காகக் காலை இழக்கக் கூடாது: கண்ணிவெடியை எச்சரிக்கும் மண்டையோட்டுச் சிவப்புப் பலகையோ சிவப்புக் கட்டையோ கண்டால் அதைத் தாண்டவேண்டாம், பலகை இல்லாத பற்றைக்காட்டிலும் ஊரவர் நடக்கும் தடத்தை விட்டு விலகவேண்டாம். துருப்பிடித்த உலோகத் துண்டு எவ்வளவு அழகாகக் கிடந்தாலும் கையால் தொடாதீர்கள். முதலை இருக்கும் குளங்களில் நீரோரத்தில் குப்புறப் படுத்து எடுக்கும் வித்தையும் வேண்டாம். முகாம்கள் இருக்கும் பக்கம் லென்ஸைத் திருப்பாமல், அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். யானை நடமாடும் றோட்டில் இருட்டு முன் திரும்பிவிடுங்கள்.

கானல் ஏறியபின் வீட்டுக்குள் செய்ய வேலை உண்டு. சுளகு, திருவலை, அரிக்கன் லாம்பு, செம்பு எல்லாவற்றுக்கும் ஒற்றைக் கதவு வெளிச்சம் போதும். பொருளைக் கதவிலிருந்து ஒரு மீற்றர் உள்ளே வைத்து, வெளிச்சம் பக்கத்திலிருந்து வழுக்கி விழும்படி கதவைப் பாதி சாத்துங்கள். சுளகின் பின்னல் அப்போதுதான் எழும்பும். நிழல் பக்கத்தில் ஒரு வெள்ளை றெஜிபோம் தட்டு. மின்குமிழை அணைத்துவிடுங்கள், இரண்டு நிறம் கலந்தால் பின்னர் திருத்த முடியாது. பச்சைப் பெயின்ற் அடித்த சுவர் கிட்ட இருந்தால் அதுவும் பொருளில் நிறம் ஏற்றும்.

பித்தளைச் செம்பில் தெரிவது செம்பல்ல, சுற்றுப்புறம். நீங்களும் அதில் இருப்பீர்கள். லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் கண்ணாடி நீர், இலை மினுக்கத்தைக் குறைக்கும். வெற்று உலோகத்தில் அதற்கு வேலையில்லை. பின்னால் தள்ளிப்போய் லென்ஸை நீட்டி எடுத்தால் உங்கள் உருவம் சிறுத்துவிடும். செம்பை எடுக்கும் அன்றே புளி போட்டுத் துலக்காதீர்கள், கொஞ்சம் மங்கியிருந்தால் வேலை இலகு.

மாரியில் லென்ஸைத் தோல் பையில் மூடி வைப்பவர்களுக்குப் பூஞ்சணம் நிச்சயம். இறுக மூடும் பிளாஸ்ரிக் பெட்டி, அதற்குள் சிலிக்கா ஜெல், ஒரு சிறு ஈரப்பதமானி. முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கவேண்டும். நிறம் மாறியதும் ஜெல்லை 120 பாகையில் காயவைத்துத் திரும்பப் போடலாம். அரிசிக்குள் புதைப்பதால் லென்ஸுக்குள் போவது மாத்தூசி.