கன்வர்ஷன் வேண்டாம் என்றே அழுத்துங்கள்

2024 நவம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு பத்து நாள் தாய்லாந்து போய் வந்தேன். கோயில்கள் பற்றியும் சாப்பாடு பற்றியும் தனியாக எழுதுகிறேன். முதலில் பணம் எடுத்த கதையை எழுதிவிட வேண்டும். அடுத்து போகிறவர்களுக்கு அதுதான் அவசரம்.

அங்கே கடைக்குக் கடை க்யூஆர் அட்டை தொங்குகிறது. ஆனால் அது உள்ளூர் வங்கிக் கணக்குக்கானது, நம் ஜிபே அங்கே ஓடவில்லை. வண்டிக் கடை நூடுல்ஸ், வடக்கே சியாங் மாய் நகரின் சிவப்பு ஷேர் வண்டி, வாரோரோட் சந்தை எல்லாவற்றுக்கும் கையில் அந்த ஊர்ப் பணமான பாட் வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் பாங்காக்கில் ஒரு ரயில் நிலைய ஏடிஎம்மில் 2,000 பாட் கேட்டேன். 220 பாட் கட்டணம் என்றது திரை. வெளிநாட்டுக் கார்டு என்றால் அப்போது அங்கே பெரும்பாலும் இந்தத் தொகைதான், 1,000 எடுத்தாலும் 10,000 எடுத்தாலும் மாறாது. "ஏண்டி, நம்ம பணத்தை எடுக்கவே ஐந்நூறு ரூபாயா?" என்றாள் அம்மா. வேறு வழியில்லை, சரி என்று அழுத்தினேன்.

அடுத்த திரைதான் முக்கியம். பெரிய எழுத்தில் ரூபாய்க் கணக்கு: ஒரு பாட் 2.62 ரூபாய், கட்டணத்தோடு சேர்த்து மொத்தம் 5,816 ரூபாய். கீழே இரண்டு பட்டன்கள். ஒன்று, கன்வர்ஷனை, அதாவது ரூபாய்க்கு மாற்றுவதை, ஏற்கிறேன். மற்றது, 'டிக்ளைன் கன்வர்ஷன்', அதாவது கன்வர்ஷன் வேண்டாம். டிக்ளைன் என்றதும் பணமே வராது, கார்டு மாட்டிக்கொள்ளும் என்று பயந்துவிட்டேன். பின்னால் வரிசை வேறு. ஏற்கிறேன் என்று அழுத்திவிட்டேன்.

அறைக்கு வந்து பார்த்தால் அன்றைய விலை 2.45. அதாவது 4,900 ரூபாய் மதிப்புள்ள பணத்துக்கு 5,816 கொடுத்திருக்கிறேன். வெளிநாட்டில் பணம் எடுத்ததற்கு என் வங்கி பிடித்த 177 ரூபாய் தனி. டிக்ளைன் என்றால் பணம் கிடைக்காது என்று அர்த்தமே இல்லை. ரூபாய்க்கு மாற்றும் வேலையை ஏடிஎம்காரர் செய்ய வேண்டாம், என் கார்டு நிறுவனமும் வங்கியும் பார்த்துக்கொள்ளும் என்று மட்டுமே அர்த்தம். ஏடிஎம்காரர் வைக்கும் விலையில் அவர் லாபமும் சேர்ந்திருக்கிறது. கடையில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும். அங்கேயும் பாட் என்றே சொல்லுங்கள்.

சியாங் மாயில் 10,000 பாட் ஒரே தடவையாக எடுத்தேன், கன்வர்ஷன் வேண்டாம் என்று. பணம் சமர்த்தாக வெளியே வந்தது. என் வங்கி 3.5 சதவீத மார்க்கப்பும் (வெளிநாட்டுப் பணத்தை ரூபாய்க்கு மாற்ற அது கூட்டி வாங்கும் தொகை) அதன்மேல் ஜிஎஸ்டியும் பிடித்தது. அப்படியும் 24,500 ரூபாய் மதிப்புக்கு, 220 பாட் கட்டணத்தோடு சேர்த்தே ஏறத்தாழ 26,070 ரூபாய், மேலே அதே 177. முதல் நாள் நூறு ரூபாய்க்கு 19 ரூபாய் போனது, இங்கே ஆறேழு ரூபாயோடு நின்றது. மார்க்கப்பே இல்லாத கார்டுகளும் இருக்கின்றன. அதற்கு ஒரு மாதம் முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும்.

இதையெல்லாம் விடக் குறைந்த நஷ்டம் சென்னையில் வாங்கிப் போன டாலரில்தான். பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் பெட்டி எடுத்து வெளியே வந்ததும் நிற்கும் கவுன்டர்களில் மாற்றாதீர்கள். அடித்தளத்தில், ரயில் ஏறும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கவுன்டர்களில் விலை நன்றாக இருக்கிறது. பாஸ்போர்ட் கேட்பார்கள். பலகையில் 100 டாலர் நோட்டுக்கு ஒரு விலை, 20 டாலருக்கு அதைவிடக் குறைந்த விலை. அதனால் இங்கே வாங்கும்போதே நூறாகக் கேட்டு வாங்குங்கள்.

நோட்டு சுத்தமாக இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. அம்மா அவள் பங்கை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்திருந்தாள். கவுன்டர் பெண் ஒவ்வொன்றையும் விரலால் நீவி, விளக்கில் பிடித்துப் பார்த்தாள். மடிப்பை மன்னித்தாள். ஓரத்தில் சின்ன பேனாக் கோடு இருந்த ஒரு நோட்டை மட்டும் கண்ணாடிக்குக் கீழே திருப்பித் தள்ளிவிட்டாள். நம் ஊரில் பால் கணக்கே எழுதிய நோட்டு ஓடும், அங்கே அந்தக் கோடு ஆகாது. அந்த நோட்டு பத்து நாளும் எங்களோடு சுற்றிவிட்டுச் சென்னைக்கே திரும்பி வந்தது.

கிளம்பும் முன் இன்னொன்று. கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் நீங்களே திறக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி புதுக் கார்டில் அது மூடியேதான் வரும். அங்கே போய்த் திறக்கலாம் என்றால் ஓடிபி வருமா என்று தவிக்க வேண்டியிருக்கும்.

அடுத்த மாதம் அக்கா குடும்பம் கிளம்புகிறது. சியாங் மாய் ஏடிஎம்மில் எடுத்த அந்த இரண்டாவது திரையின் படத்தில், டிக்ளைன் பட்டனைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு நேற்று அவளுக்கு அனுப்பிவிட்டேன்.