மேட்டூருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் ஒரே படகு

சேலத்தில் இருந்துகொண்டு படகு தேடுகிறேன் என்றால் எல்லோரும் ஏற்காடு ஏரியைத்தான் நினைக்கிறார்கள். மேட்டூரை மறந்துவிடுகிறார்கள். அணை 120 அடி நிறைந்து நின்றால் தண்ணீர் 153 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கும். தூண்டில் பிடித்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

எனக்குத் தேவை இரண்டு. பண்ணவாடி, கோட்டையூர்ப் பக்கம் நீர்த்தேக்கத்தில் வாளைக்கும் கட்லாவுக்கும் போக வேண்டும். வருஷத்தில் சில தடவை பரங்கிப்பேட்டைக்குப் போய் வெள்ளாற்று முகத்துவாரத்தில் கொடுவாவுக்குத் தூண்டில் போட வேண்டும். (ஆத்தூர் வழியாகப் போகும் நம்ம வசிட்ட நதி கலப்பதும் அந்த வெள்ளாற்றில்தான். அதனால் அதையும் சொந்தத் தண்ணி என்றே சொல்லிக்கொள்கிறேன்.) இரண்டுக்கும் ஒரே படகு, இரண்டு பேர் தூக்குகிற எடையில்.

முதலில் பார்த்தது பரிசல். மேட்டூரில் மீனவர்கள் இன்றும் அதை விடாததற்குக் காரணம் கரைதான். டெல்டாவுக்கு வழக்கமாக ஜூன் 12 அன்று அணையைத் திறந்து ஜனவரி 28 அன்று மூடுவார்கள். நடுவில் மட்டம் இறங்க இறங்கக் கரை உள்ளே போய்க்கொண்டே இருக்கும். போன மாதம் வண்டி நிறுத்திய இடத்திலிருந்து தண்ணீரைத் தொடச் சேற்றில் வெகுதூரம் நடக்கவேண்டி வரும். நிலையான படகுத்துறை என்ற பேச்சே கிடையாது. பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரே ஆள் நடந்துவிடுவார். அரையடித் தண்ணீரிலும் அது மிதக்கும். வலை விரிக்க அதை மிஞ்ச எதுவும் இல்லை. தூண்டிலை வீசி இழுக்கிறவனுக்கோ அது சரிப்படாது. ஒவ்வொரு வீச்சுக்கும் பரிசல் ஒரு சுற்றுச் சுற்றும், மீன் கடிக்கும்போது முதுகு அந்தப் பக்கம் இருக்கும்.

அடுத்தது தட்டையடிப் படகு. 12 அடி நீளம், 4 அடி அகலம். எழுந்து நின்று வீசினாலும் ஆடவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடிப்பக்கம் தண்ணீரைத் தொடும் பரப்பு 30 சதுர அடி என்றால் சுமார் 70 கிலோ ஏறும்போது படகு ஓர் அங்குலம் இறங்கும். படகு 70, இரண்டு ஆள் 150, பேட்டரி, மோட்டார், சாமான் எல்லாம் சேர்த்து 280 கிலோ. ஆக நான்கு அங்குலம். பாறை முளைத்த ஆற்றுப் படுகைக்கு இது வரப்பிரசாதம்.

ஆனால் காற்று என்று ஒன்று இருக்கிறது. பண்ணவாடியில் பரிசல் போடுகிற பெரியவர் ஒருவர், "ஆத்துத் தண்ணின்னு நெனக்காதீங்க தம்பி. ஆடியில மத்தியானத்துக்கு மேல காத்து ஏறும். அதுக்குள்ள கரைக்கு வந்துடுங்க" என்றார். அவர் சொன்னதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் என் தேடலே திசை மாறியது. தடையில்லாமல் பல கிலோமீட்டர் தண்ணீர் மேல் ஓடிவரும் தென்மேற்குக் காற்று குட்டையான, செங்குத்தான அலைகளை அடுத்தடுத்து எழுப்பும். தட்டையடி அதில் ஏறி விழும்போது படார் படாரென்று அறைகிறது. இடுப்பு எலும்பு வரை தெரிகிறது. அதே படகு வெள்ளாற்றில், முகத்துவாரத்துக்கு உள்ளே தள்ளி, காலை நேரத்தில் சாதுவாக இருந்தது. ஆற்றுக்குத் தட்டை, கடலுக்குக் கூர் என்று எல்லோரும் சொல்லும் பாகுபாடு எனக்கு உதவவில்லை. காற்று எவ்வளவு தூரம் தடையில்லாமல் ஓடுகிறது என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கில் ஆடி மாத மேட்டூர் கழிமுகத்தைவிடக் கடுமை.

கூரடிப் படகு அலையை வெட்டிக்கொண்டு போகும், வாஸ்தவம். ஆனால் நின்ற இடத்தில் உருளும், ஆழமும் கேட்கும். மீன்பிடிப்பதில் பெரும்பகுதி நேரம் நின்ற இடத்தில்தான் போகிறது. கடைசியில் மனசு நின்றது இரண்டுக்கும் நடுவில்: அணியத்தில் (முன்பக்கம்) கூர்மை, அமரத்துக்கு (பின்பக்கம்) வரவரத் தட்டை. நம் கடற்கரையில் ஓடும் முப்பதடி பைபர் படகுகளைக் கட்டும் பட்டறை ஒன்று கடலூர்ப் பக்கம் இருக்கிறது. அங்கே 12 அடியில் ஒரு மாதிரிப் படகு கிடந்தது. அலுமினியத்தை விட்டதற்குக் காரணம் உப்புத் தண்ணீர். கடலுக்கான ரகத் தகடு தாங்கும். ஆனால் அதில் போடும் பித்தளைத் திருகும் செம்புக் கம்பியும் உப்புநீரில் சேர்ந்தால் அலுமினியத்தை அரித்துவிடும். பைபர் கீறினால் ரெசினும் கண்ணாடி இழை விரிப்பும் வாங்கி வீட்டிலேயே ஒட்டலாம்.

பட்டறைக்காரர் அண்ணன் நல்ல மனுஷர். உப்பனாற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் அந்தப் படகை வேண்டுமென்றே மூழ்கடித்துப் பார்க்கச் சம்மதித்தார். "கவுந்தா நீங்கதான் தூக்கணும்" என்ற நிபந்தனையோடு. பைபர் தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அடர்த்தி. அதனால் 70 கிலோ கூடு மூழ்கினால் தண்ணீருக்குள் 23 கிலோதான் கனக்கும். தெர்மாகோல் கட்டைகள் சில போதும் மிதக்க வைக்க. கேள்வி எங்கே வைப்பது என்பதுதான். முதலில் தரைப்பலகைக்கு அடியில் கட்டினோம். படகு நிறைய நீரை ஊற்றிவிட்டு விளிம்பைப் பிடித்து ஏறப்போனால், பொசுக்கென்று குப்புறக் கவிழ்ந்தது. மிதப்பு கீழே, கனம் மேலே, வேறென்ன நடக்கும்! அதே கட்டைகளை இரண்டு பக்கமும் விளிம்பை ஒட்டி உயரத்தில் கட்டியதும் படகு நீர் நிறைந்தபடியே மட்டமாக மிதந்தது. உள்ளே உட்கார்ந்து வாளியால் இறைக்கவும் முடிந்தது. புதுப் படகு வாங்குகிறவர்கள் இருக்கைக்கு மெத்தை கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்.

மோட்டார் மாட்டும் பின்பலகையின் உயரத்திலும் பிடிவாதமாக இருந்தேன். சின்னப் படகுகளில் 15 அங்குலம் வைப்பார்கள், நான் 20 கேட்டேன். காற்றுக்கு முதுகைக் காட்டி ஓடும்போது அலை ஏறுவது அந்தப் பக்கமாகத்தான். மோட்டாரின் தண்டும் அதற்கேற்ப நீளமாக வேண்டும்.

மோட்டார் 12 வோல்ட் மின்சாரம், 55 பவுண்டு தள்ளுவிசை. முழு வேகத்தில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர் மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்பதால் ஒரு மணி நேரம். அதே அளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் ஒன்றரை மணி தாராளமாக வரும், எடையும் பாதிதான். விலையைப் பார்த்து மூச்சு முட்டியது. ஆனால் சேற்றில் சுமக்கப்போவது நான்தானே, லித்தியத்துக்கே தலையாட்டினேன். பெரிய மோட்டார் போட்டால் வேகம் கூடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். தண்ணீரைக் கிழித்துப் போகும் 12 அடிப் படகு மணிக்கு எட்டரை கிலோமீட்டர் வாக்கில் தன் அலையிலேயே சிக்கிக்கொள்ளும். அதற்கு மேல் விசை கொடுப்பது பேட்டரிக்குத்தான் கேடு.

இந்த வேகத்தை வைத்துக்கொண்டு முகத்துவாரத்தைத் தாண்டப் போவதில்லை. நீர் வற்றிக் கடலுக்கு இழுக்கும் நேரத்தில் எதிரே காற்றும் அடித்தால் மணல்திட்டு மேல் அலை நட்டுக்கொண்டு நிற்கும். மேற்கே இருந்து கச்சான் வீசினால் படகைக் கிழக்கேதான் தள்ளும். கடல் மீன் வேண்டுமென்றால் அங்குள்ளவர்கள் படகில் ஓர் இடம் கேட்டு ஏறிக்கொள்வேன்.

படகுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. விளிம்பை ஒட்டிய மிதப்புப் பெட்டி, உயர்ந்த பின்பலகை இரண்டையும் அண்ணன் காகிதத்தில் வரைந்து வைத்திருக்கிறார். குட்டியானையின் தொட்டி ஏழடிச் சொச்சம்தான், படகு ஐந்தடி வெளியே நீட்டும். அதற்குச் செவ்வாய்ப்பேட்டையில் இரும்புக் குழாய் வாங்கி ஒரு தாங்கி பற்றவைக்க வேண்டும். சேற்றில் புதையாத அகலமான சக்கரம் இன்னும் கிடைக்கவில்லை. மேட்டூரில் தூண்டில் போட மீன்வளத் துறையின் உரிமத்துக்கு விசாரித்துக்கொண்டிருக்கிறேன். உயிர்காப்பு அங்கி இரண்டு வந்துவிட்டன.