அழுத்தம் விழும் இடம்

எழுத்தைக் குரலாக்கும் மென்பொருளுக்கு உச்சரிப்பு அகராதி தயாரிப்பது என் வேலை. ஒவ்வொரு சொல்லையும் அசை அசையாகப் பிரித்து, அழுத்தம், அதாவது சொல்லில் எடுப்பாக ஒலிக்கும் இடம், எந்த அசையில் என்று குறியிட வேண்டும். கேட்பதற்குக் குமாஸ்தா வேலை போலத் தோன்றும். ஆனால் எங்கள் பிரிவில் குரல் உயர்ந்தால் பெரும்பாலும் அந்தக் குறியைப் பற்றித்தான்.

செக், ஹங்கேரிய, ஃபின்னிய மொழிகளில் தகராறுக்கு வழியில்லை. அழுத்தம் முதல் அசையில். போலிஷில் பெரும்பாலும் ஈற்றுக்கு முந்தைய அசை. ஸ்பானிஷ் மொழியோ, அழுத்தம் விதியை மீறும்போது எழுத்தின் மேலேயே கோடு போட்டுக் காட்டிவிடும் நாகரிகம் உடையது. ரஷ்ய மொழிதான் உயிரை வாங்கும். ‘ஜாமக்’ என்றால் கோட்டை, ‘ஜமோக்’ என்றால் பூட்டு. அச்சில் இரண்டுக்கும் ஒரே எழுத்துகள். அழுத்தம் இழந்த ஓகாரம் அகரம் போல மங்கிவிடுவதால், குறி ஓர் அசை தள்ளிப்போனால் உயிரொலிகளும் கூடவே மாறிவிடும். எது கோட்டை, எது பூட்டு என்பதை முழு வாக்கியத்தையும் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

புதிதாகச் சேர்பவர்கள் அழுத்தம் என்றால் சத்தம் என்று எண்ணி ஒலியளவைக் கூட்டுகிறார்கள். குரல் அங்கே கத்துகிறது, அவ்வளவுதான். ஒலியியல் ஆய்வாளர் டென்னிஸ் ஃப்ரை 1955ஆம் ஆண்டிலேயே ஆங்கிலச் சொற்களைக் கொண்டு சோதித்து, கேட்பவர் அழுத்தத்தை உணர்வதில் சத்தத்தைவிட நீளத்துக்கே பங்கு அதிகம் என்று காட்டினார். அந்த அசையை விட்டுவிட்டு அக்கம்பக்கத்து அசைகளின் நீளத்தைக் குறையுங்கள் என்பேன். ‘ஃபோட்டோகிராஃப்’ சொல்லில் முதல் அசை நிமிர்ந்து நிற்கும். ‘ஃபோட்டோகிராஃபி’ ஆனதும் அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகர, முதல் உயிர் சுருங்கி அடையாளமே தெரியாமல் போகும். திரையில் அலைவடிவத்தைப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும்.

தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை. படம், பாடம் என்று நீளம்தான் மாற்றும். அதனால் தமிழ்க் குரலுக்கு இந்தத் தொல்லை இல்லை என்றே அலுவலகத்தில் பலரும் நினைத்தார்கள். சோதனையில் ‘தலையணை’ வந்தது. இயந்திரம் இரண்டு ஐகாரத்தையும் நெடிலுக்குரிய இரண்டு மாத்திரையில் இழுத்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தையே தோற்றுவிடும். மருந்து நம் இலக்கணத்தில் இருந்தது: ஐகாரக் குறுக்கம். சொல்லின் முதலில் ஒன்றரை மாத்திரை, இடையிலும் கடையிலும் ஒன்று. அசை நிற்கும் இடம் அதன் அளவைத் தீர்மானிக்கிறது என்பதை நம் இலக்கணக்காரர்கள் கருவி ஏதுமின்றிக் காதால் அளந்திருக்கிறார்கள். விதியை அப்படியே நிரலில் ஏற்றினோம். ‘தலையணை’ சரியானது, கூடவே ‘வளையல்’, ‘கடலை’ என்று நாங்கள் இன்னும் கேட்டுப் பார்க்காத சொற்களும் சரியாகிவிட்டன.