தூக்கிப் போட மனசு வரலைன்னா ஆர்டரே போடாதீங்க

வெளிநாட்டு ஆன்லைன் பார்மசில ஆர்டர் போட்ட இன்சுலின் பார்சல் வந்தப்போ முதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு. தெர்மாகோல் பெட்டிக்குள்ள கையை விட்டா ஜில்லுனு இருக்கு, வழியில சூடாகிக் கெட்டுப் போயிடுமோன்னு பத்து நாளா பயந்துட்டு இருந்தவளுக்கு அந்த ஜில்லே பெரிய நிம்மதி. பக்கத்துல உக்காந்திருந்த அக்கா, "பாத்தியா, நீ சும்மா பயந்துட்டு இருந்த, எவ்ளோ நல்லா பேக் பண்ணிருக்காங்க"ன்னு சொன்னா. அப்புறம்தான் கவனிச்சேன், ஐஸ் பேக்குக்கும் மருந்து அட்டைப்பெட்டிக்கும் நடுவுல ஒண்ணுமே வைக்கல, அட்டையோட ஒரு பக்கம் ஈரத்துல ஊறிப் போய் ஐஸ் பேக்கோட ஒட்டிக்கிட்டு இருக்கு, அதைப் பிச்சு எடுத்து பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா, தண்ணி மாதிரி தெளிவா இருக்க வேண்டிய இன்சுலின்ல பொடிப் பொடியா என்னமோ மிதக்குது. உறைஞ்சிருக்கு.

"கொஞ்ச நேரம் வெளிய வெச்சா சரியாயிடாதா டி?"

ஆகாது. இன்சுலின் ஒரு புரதம், ஒரு தடவை உறைஞ்சா அதோட அமைப்பே குலைஞ்சிடும், திரும்ப உருகி பாக்க நல்லா இருந்தாலும் அது எவ்வளவு வேலை செய்யும்னு யாராலயும் சொல்ல முடியாது. உறைஞ்சதைப் போட்டுக்காதீங்கன்னு பெட்டிக்குள்ள வர்ற லீஃப்லெட்லயே போட்டிருக்கும். மூணு பாட்டிலையும் ஓரமா எடுத்து வெச்சுட்டேன். நான் ஒண்ணும் பெரிய தைரியசாலி இல்ல, ஃப்ரிட்ஜ்ல இன்னும் ஆறு வாரத்துக்கு வேற ஸ்டாக் இருந்துச்சு, அவ்வளவுதான். அது மட்டும் இல்லாம இருந்திருந்தா கண்டிப்பா அதையே போட்டிருப்பேன்.

வெளிநாட்டு ஆன்லைன் பார்மசில இன்சுலின் வாங்க நினைக்கிறவங்களுக்கு நான் முதல்ல சொல்றது இதுதான். கையிருப்பு தீர்ற நேரத்துல முதல் ஆர்டர் போடாதீங்க. வந்த மருந்து மேல சந்தேகம் வந்தா தூக்கிப் போடுற நிலைமைல இருக்கணும் நம்ம. உடம்பு தானா இன்சுலின் சுரக்காத டைப் 1 சர்க்கரை நோய்க்காரங்களுக்கு இன்சுலின் சுத்தமா இல்லாமப் போனா ஓரிரு நாளுக்குள்ளயே கீட்டோ அசிடோசிஸ்ல, அதாவது ரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்தான நிலைல கொண்டு விட்டுடும், அந்த பயத்துல இருக்கிறப்போ எந்த சைட்டைப் பாத்தாலும் நல்ல சைட்டாத்தான் தெரியும். எனக்கே நடந்துச்சு. பேனா மாதிரி இருக்கிற இன்சுலின் ஊசி, அந்த கடைசி பென் பாதி காலி, ராத்திரி ஒரு மணி, பாதி விலைக்கும் கம்மியா ஒரு சைட், டாக்டர் சீட்டு வேண்டாம், அட்ரஸ் கிடையாது, பணம் மட்டும் கிரிப்டோல அனுப்பணுமாம். பணம் அனுப்புற பக்கம் வரைக்கும் போயிட்டேன். பார்மசிஸ்ட்கிட்ட பேசணும்னு நம்பர் தேடுறேன், நம்பரே இல்ல. அதோட மூடிட்டேன்.

சைட் நல்லதான்னு பாக்க வழி இருக்கு. சைட்ல ஒட்டியிருக்கிற 'அங்கீகாரம் பெற்ற கடை'ங்கிற முத்திரையை யாரு வேணா காப்பி அடிச்சு ஒட்டலாம், அதனால முத்திரையைப் பாத்து நம்பாம அது எங்க கொண்டு போய் விடுதுன்னு பாருங்க. ஐரோப்பிய யூனியன்ல 2015லருந்து ஆன்லைன்ல மருந்து விக்கிறவங்களுக்கு ஒரு பொது லோகோ இருக்கு, அதை கிளிக் பண்ணா அந்த நாட்டு மருந்து அதிகாரிகளோட சைட்டுக்குப் போய், இந்தக் கடை பேர் லிஸ்ட்ல இருக்கான்னு காட்டணும். பிரிட்டன்னா பார்மசிகளைக் கண்காணிக்கிற ஜெனரல் பார்மசூட்டிகல் கவுன்சிலோட ரிஜிஸ்டர்ல தேடலாம், கனடான்னா அந்தந்த மாகாணத்து பார்மசி காலேஜ் ரிஜிஸ்டர் (படிக்கிற காலேஜ் இல்ல, அங்க பார்மசிகளைக் கண்காணிக்கிற அமைப்போட பேரே அதுதான்). பேர்ல கனடான்னு வெச்சுக்கிட்டு மருந்தை வேற எங்கருந்தோ அனுப்புற சைட்டும் நிறைய இருக்கு, அதனால "எந்த நாட்டு பார்மசிலருந்து பார்சல் கிளம்புது, லைசன்ஸ் நம்பர் என்ன"ன்னு ஃபோன்லயே கேட்டுடுங்க. நேர்மையான கடை இதுக்கு கோவிச்சுக்காது. டாக்டர் சீட்டு கேக்குறதை தொந்தரவா நினைக்காதீங்க. கனடாவுல பெரும்பாலான மாகாணங்கள்ல கவுன்டர்ல பார்மசிஸ்ட்டைக் கேட்டு சீட்டு இல்லாமயே இன்சுலின் வாங்கலாம்ங்கிறது உண்மை, ஆனா முகம் தெரியாத ஆளுக்கு கடல் தாண்டி அனுப்புற கடை எதுவுமே கேக்கலைன்னா எனக்கு அடிவயிறு கலங்கும்.

அடுத்து பேர். ஒரே மருந்து நாட்டுக்கு நாடு வேற பேர்ல வரும், அமெரிக்காவுல நோவோலாக்னு விக்கிறதுதான் மத்த இடத்துல நோவோரேபிட், ரெண்டும் வேகமா வேலை செய்யுற இன்சுலின் அஸ்பார்ட். பாசக்லார் ஐரோப்பாவுல அபாசக்லார், அது நீண்ட நேரம் வேலை செய்யுற கிளார்ஜின். அதனால பிராண்டைப் பாக்காம ஜெனரிக் பேரை, அதாவது உள்ள இருக்கிற மருந்தோட பேரை எழுதி வெச்சுக்கிட்டு அதை வெச்சு ஒப்பிடுங்க. "ஸ்டாக் இல்ல, இதே மாதிரி வேற அனுப்புறோம்"னு சொன்னா டாக்டரைக் கேக்காம சரின்னு சொல்லிடாதீங்க. ரெகுலர் இன்சுலினை சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னாடி போடணும், அஸ்பார்ட்டை சாப்பிடப் போறப்போ போடுவோம், ரெண்டையும் மாத்திப் போட்டா சுகர் தாறுமாறா ஆடும்.

அதை விட எனக்கு பயம் யூனிட் விஷயத்துலதான். பல நாடுகள்ல இன்சுலின் யூ-100, அதாவது ஒரு மில்லில 100 யூனிட். ஆனா சில நாடுகள்ல யூ-40 பாட்டிலும் விக்கிறாங்க, ஒரு மில்லில 40 யூனிட்தான். ரெண்டுக்கும் சிரிஞ்ச் வேற. யூ-40 இன்சுலினை யூ-100 சிரிஞ்ச்ல 40 கோடு வரைக்கும் எடுத்தா உள்ள போறது வெறும் 16 யூனிட், சுகர் ஏறிக்கிட்டே இருக்கும், ஏன்னு புரியாது. தலைகீழா யூ-100 இன்சுலினை யூ-40 சிரிஞ்ச்ல 40 வரைக்கும் எடுத்தீங்கன்னா உள்ள போறது 100 யூனிட், ரெண்டரை மடங்கு, சுகர் ரொம்ப லோ ஆகி ஆளே விழுந்துடலாம். இன்னொரு நாட்டுலருந்து வாங்குற பாட்டிலோட முகப்புல ஒரு மில்லிக்கு எத்தனை யூனிட்னு இருக்கோ அதை நாலு தடவை படிங்க, வீட்ல ஊசி போட்டு விடுற ஆள் வேற யாராவதுன்னா அவங்களுக்கும் காட்டுங்க.

பயணம்தான் அடுத்த தலைவலி. திறக்காத இன்சுலின் 2லருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். வாரக்கடைசில கூரியர் குடோன்ல கிடக்காத மாதிரி வாரத்தோட முதல் நாள்ல அனுப்பச் சொல்லுங்க, டெம்பரேச்சர் இண்டிகேட்டர் வைப்பீங்களா, ஐஸ் பேக் மருந்தைத் தொடாம பேக் பண்ணுவீங்களான்னு கேளுங்க, கடைசி கேள்வியை நான் கேக்கலை. பார்சலை வீடியோ எடுத்துக்கிட்டே பிரிங்க. லாட் நம்பரும் (எந்தத் தொகுதில தயாரிச்சதுன்னு காட்டுற எண்) எக்ஸ்பயரியும் வெளி அட்டையிலயும் பாட்டில்லயும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. அஸ்பார்ட் மாதிரி ரேபிட் வகையும் கிளார்ஜினும் தெளிவா இருக்கணும், என்பிஹெச்ங்கிற பழைய வகை மட்டும் இயல்பாவே பால் மாதிரி கலங்கலா இருக்கும், லேசா உருட்டினா ஒரே சீரா கலந்துடணும், கட்டி கட்டியா நின்னா வேண்டாம். திறந்தப்புறம் நிறைய வகைக்கு 28 நாள், சிலதுக்கு அதை விடக் கூட, லீஃப்லெட்ல இருக்கும், நான் திறந்த தேதியை மார்க்கர்ல பாட்டில் மேலயே எழுதிடுவேன்.

சட்டத்தையும் பாத்துக்கோங்க. அமெரிக்காவுல தனி ஆள் வெளிநாட்டுலருந்து மருந்து தருவிக்கிறது பெரும்பாலும் சட்டப்படி அனுமதி இல்லாததுதான், சொந்த உபயோகத்துக்கு மூணு மாசத்துக்கு மிகாம இருந்தா சில சமயம் அங்க மருந்துகளைக் கண்காணிக்கிற எஃப்டிஏ தடுக்காம விடுறதுண்டு, ஆனா அது உரிமை கிடையாது. ஒவ்வொரு நாட்டுலயும் ரூல் வேற, கஸ்டம்ஸ்ல நாள் கணக்கா நின்னா மருந்து சூட்டுல கெட்டுப் போயிடலாம். அதனால கடல் தாண்டுறதுக்கு முன்னாடி, உங்க டாக்டர்கிட்ட பயோசிமிலர், அதாவது அதே மாதிரி வேலை செய்யுற வேற கம்பெனி இன்சுலின் இருக்கா, கம்பெனியே தர்ற உதவித் திட்டம் இருக்கா, ரெகுலர், என்பிஹெச் மாதிரி பழைய ஹ்யூமன் இன்சுலினுக்கு மாற முடியுமான்னு கேளுங்க. விலை கட்டுப்படியாகலன்னு டோஸைக் குறைச்சுப் போட்டுக்கிறதை மட்டும் யாரும் செய்யாதீங்க, தயவு செஞ்சு.

இதையெல்லாம் எழுதறப்போ மனசு ஆற மாட்டேங்குது. 1921ல டொரண்டோவுல கண்டுபிடிச்ச மருந்து இது, கண்டுபிடிச்சவங்க, இது எல்லாருக்கும் கிடைக்கணும்னு காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்கு யுனிவர்சிட்டிக்கே எழுதிக் கொடுத்தாங்க. நூறு வருஷம் கழிச்சும் அதை வாங்க ராத்திரி ஒரு மணிக்கு உக்காந்து சைட் சைட்டா தேடுறோம்.

அந்தக் கடைக்கு வீடியோவும் ஃபோட்டோவும் அனுப்பினேன். ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்துச்சு, காசு வாங்காம மாத்தி அனுப்பினாங்க. இந்த தடவை ஐஸ் பேக்கைச் சுத்தி தடியா பபிள் ரேப், மருந்து தனி டப்பால, மேல இண்டிகேட்டர். நான் லாட் நம்பரை சரிபாத்துட்டு இருக்கிறப்பவே அக்கா ஒரு பாட்டிலை எடுத்துக்கிட்டு ஜன்னல் பக்கம் போயிட்டா.